தட்டிச் சுவரிலிருந்து ராஜாவை உரித்த கதை

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். எங்கள் வாசகசாலையில் கிடக்கும் பழைய நோட்டீஸ்களை ஒவ்வொன்றாக மிஷினில் வைத்துப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவளுடைய வேலை. கல்யாணப் பத்திரிகை, கருமாதி நோட்டீஸ், கால்பந்துப் போட்டி, சங்கக் கூட்டம், பயாஸ்கோப் விளம்பரம் என்று எல்லாமே படித்துவிட்டுத் தூக்கி எறிகிற காகிதங்கள்தான். இதையெல்லாம் கட்டி வைத்தவர்களில் மிச்சம் இருப்பது நான் ஒருவன் என்று யாரோ சொல்ல, வீட்டுக்கே வந்துவிட்டாள். "சார், நீங்கதானே அந்தக் காலத்து ஆர்க்கைவிஸ்ட்?" என்று கேட்டாள். உள்ளே என் மனைவி சிரித்தது வாசல் வரை கேட்டது.

எப்படி இந்தத் துறைக்கு வந்தீர்கள் என்று அடுத்த கேள்வி. பயந்து போய் வந்தேன் என்பதுதான் உண்மை. என் அப்பா, அவருடைய அப்பா எல்லோரும் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். எனக்கும் அங்கேதான் இடம் என்று பேச்சு. ஐம்பதுகளின் கடைசியில் என்னையும் கேஜில் ஏற்றினார்கள். கேஜ் என்றால் ஷாப்டுக்குள், அதாவது சுரங்கத்தின் செங்குத்துக் குழிக்குள், ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டு. அது கிளம்பியதும் என் வயிறு மட்டும் மேலேயே நின்றுவிட்டது. பூமிக்குள் முதல் தளம், அதாவது முதல் லெவல், வருவதற்குள் பக்கத்தில் இருந்த ஆளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் போட்ட சத்தத்தில் மணி அடித்து, திரும்ப மேலே கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் லைனில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், எனக்கு 'மேல் லெவல் ஏகாம்பரம்' என்று பெயர். அப்பா கொஞ்ச நாள் என் முகத்தைப் பார்த்துச் சோறு தின்னவில்லை.

கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற ஒரே தகுதியில் சாம்பியன் ரீப்ஸ் வாசகசாலையில் உதவியாளாகச் சேர்த்தார்கள். நான்கு அலமாரிப் புத்தகம், தினசரிகள், ஒரு கேரம் போர்டு, ஷிப்ட் முடிந்து வந்து பேப்பரை முகத்தில் போட்டுத் தூங்குகிறவர்கள், இவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம். வேலை கற்றுக்கொண்டது பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தூங்குகிறவர்களை எழுப்பாமல் பேப்பரை எடுக்கத் தெரிந்ததும் கற்றுக்கொண்டு முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்படி நினைக்க விடாத ஒரு மனிதர் அங்கே பொறுப்பாளராக இருந்தார். துரைராஜ் என்று பெயர். யுத்தக் காலத்தில் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவர். அட்டை மாதிரி விறைக்கக் கஞ்சி போட்ட வெள்ளை டிரில் பேண்ட், எப்போதும் தாழ்ந்த குரல். யாரைத் திட்டினாலும் மிஸ்டர் போட்டுத்தான் திட்டுவார். வாசலில் ஒரு பக்கெட் தண்ணீர், சொம்பு, சோப்பு. உள்ளே வருகிறவன் கை கழுவ வேண்டும். காகிதம் மேஜையில் விரித்திருந்தால் அவர் உட்கார மாட்டார். நாமும் உட்காரக் கூடாது. டீயைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், "கை கழுவினீங்களா மிஸ்டர்?" என்பார். என் கல்யாணத்தில் தாம்பூலம் கொடுத்தபோதும் கேட்டார்.

நோட்டீஸ் விஷயத்தில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. வாசகசாலைப் பலகையில் நோட்டீஸ் வைக்க வேண்டுமா, இரண்டு கொண்டு வர வேண்டும். ஒன்று பலகைக்கு, ஒன்று கட்டுக்கு. கம்யூனிஸ்டாக இருந்தாலும் சரி, கோயில் தர்மகர்த்தாவாக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி. கட்டுக்குப் போகிற நோட்டீஸின் முதுகில் பென்சிலால் வருஷத்தைக் குறிப்பது என் வேலை. நம் ஆட்கள் நோட்டீஸ் அடித்தால் 'வருகிற ஞாயிறு மாலை சரியாக ஆறு மணிக்கு' என்று அடிப்பார்களே தவிர, எந்த வருஷத்து ஞாயிறு என்று அடிக்க மாட்டார்கள். கூட்டம் ஆறு மணிக்குத் தொடங்கியதும் கிடையாது. பிறகு மடிப்பை நீக்கி, காய்ந்த வேப்பிலை தூவி, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து நாடாவால் கட்ட வேண்டும். ரப்பர் பேண்ட் போடக் கூடாது; வெயிலில் உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் எதற்கு, யார் கேட்கப் போகிறார்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன். "கேக்கிறது அவங்க வேலை. கட்டுறது உங்க வேலை" என்றார். மனுஷனுக்குப் பட்டாளத்தில் ஏதோ தலையில் அடிபட்டிருக்கிறது என்று நான் டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு பகல் வேளை. துரைராஜ் வெளியே போயிருந்தார். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து அஞ்சலை என்று ஒரு அம்மா வந்து வாசலிலேயே நின்றாள். கடைத்தெருவில் காய்கறி விற்கிறவள், எனக்கு முகம் தெரியும். அவர்கள் குடும்பம் பௌத்தக் குடும்பம். வாசகசாலைக்குள் வந்து பழக்கம் இல்லாததால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். மகள் விசாகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது. மாப்பிள்ளை வீடு குடியாத்தம். அவர்கள் வழக்கப்படி பொண்ணும் மாப்பிள்ளையும் முதலில் புத்தர் படத்துக்கும், அடுத்து இல்லாமல் போன பெரியவர்கள் படத்துக்கும் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். விசாகாவின் அப்பா கோபால் மாரிகுப்பத்தில் சுரங்க வேலையில் இருந்தவர். குழந்தை தூளியில் இருந்தபோதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவருக்குப் படம் கிடையாது. கல்யாணத்துக்கே படம் எடுக்க வசதி இல்லாத காலம். கம்பெனி கொடுத்த பித்தளை வில்லையில் நம்பர்தான் இருக்கும், முகம் இருக்காது.

"இன்னாத்த சொல்றது தம்பி. நைனா மூஞ்சி எப்டிம்மா இருக்கும்னு கேக்குது பொண்ணு. சொல்லலாம்னு பாத்தா, எனக்கே மறந்து போவுது. கண்ண மூடினா சட்டதான் தெரியுது, மூஞ்சி வரமாட்டேங்குது" என்றாள்.

அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சினேன். கோபால் ஒரே ஒரு முறை நாடகத்தில் நடித்திருக்கிறார், அந்த நோட்டீஸில் படம் பெரிதாகப் போட்டிருந்தார்கள், இங்கே நோட்டீஸ் எல்லாம் சேர்த்து வைக்கிறீர்களாமே என்று கேட்டாள். எனக்கு வேறு என்ன வேண்டும்? ஊரில் எல்லோரும் சிரித்த கட்டுக்கு முதன்முதலாக ஒரு ஆள் வந்திருக்கிறது. நாளைக்கே எடுத்து வைக்கிறேன், கவலையை விடுங்கள் என்று வாக்குக் கொடுத்து அனுப்பினேன். யாராவது எதையாவது தேடி வந்தால் என்ன, எப்போது, எதற்கு என்று பொறுமையாக உட்கார வைத்து விசாரிக்க வேண்டும் என்பது துரைராஜின் சட்டம். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

துரைராஜ் வந்ததும் மார்தட்டிக்கொண்டு சொன்னேன். எந்த வருஷத்து நாடகம் என்று அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே என் மார்பு இறங்கிவிட்டது. மகள் தூளியில் இருந்தபோதே கோபால் போய்விட்டார் என்றால், நாடகம் நடந்தது துரைராஜ் வாசகசாலைக்கு வருவதற்குப் பல வருஷம் முன்னால். கட்டே அப்போது கிடையாது. நாடகம் போட்ட சபாவும் இல்லை, அச்சடித்த பிரஸ்ஸும் கை மாறிவிட்டது. மறுநாள் அஞ்சலையக்கா வந்தபோது அவள் முன்னால் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. துரைராஜ் அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, அந்த நோட்டீஸ் அவர்கள் வீட்டில் இருந்ததா என்று விசாரித்தார். இருந்ததாம். மாரிகுப்பம் லைன் வீட்டில், தூளி கட்டுகிற மூலையில், அவள் கையாலேயே ஒட்டினாளாம்.

எங்கள் லைன் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேலே தகரம், சுவருக்கு மூங்கில் தட்டி. காற்றுக் காலத்தில் தங்கம் பிரித்தெடுத்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து வெள்ளை மண் பறந்து வந்து தட்டி இடுக்கு வழியாகச் சோற்றில் விழும். அதனால் பொங்கலுக்குப் பொங்கல் பெண்கள் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, கையில் கிடைத்த காகிதத்தை எல்லாம் சுவரில் ஒட்டுவார்கள். பழையதை உரிப்பது கிடையாது, அதன் மேலேயே புதுசு. எங்கள் கட்டில் இல்லாத நோட்டீஸ் எல்லாம் அந்தச் சுவர்களுக்குள் இருந்தது.

"அவரு போனப்பறம் அத்த பாக்க முடியல. நானே அதும்மேல பேப்பர ஒட்டி மூடிட்டேன்" என்றாள் அஞ்சலையக்கா.

அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருந்தது. நானும் துரைராஜும் போய்க் கேட்டோம். வீட்டுக்கார அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாய்யா, ஊர்ல செவுத்துக்கா பஞ்சம்? நீங்க ஓட்ட போட்டுட்டு போயிடுவீங்க, மண்ணு என் சோத்துல வுழும்" என்றாள். உரித்த இடத்தில் அன்றைக்கே புதுக் காகிதம் ஒட்டித் தருகிறோம், பசையும் எங்களுடையது என்று துரைராஜ் ஒப்பந்தம் பேசினார். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. அவர் சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே மாரிகுப்பம் வந்துவிடுவார். அதுவரை நான் ஈரத்துணி போட்டுச் சுவரை ஊற வைத்தால் போதும், கை வைக்கக் கூடாது என்று உத்தரவு.

போய்ச் சேர்ந்தேன். லைனே திரண்டு வந்து நின்றது. அஞ்சலையக்கா ஒரு ஓரமாக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மகளைக் கூட்டி வரவில்லை; படம் கிடைக்காவிட்டால் தாங்க மாட்டாளாம். இவ்வளவு பேர் பார்க்கும்போது சுவருக்கு ஈரத்துணி போட்டுவிட்டுச் சும்மா நிற்க என்னால் முடியவில்லை. எல்லோரும் என்னை 'மேல் லெவல்' என்று அழைத்தவர்கள். இன்றைக்குப் பார்க்கட்டும் என்று மூங்கில் சிம்பை எடுத்துவிட்டேன்.

வேலையை நான் மோசமாகச் செய்தேன் என்று சொல்ல முடியாது, அதுதான் வருத்தம். ஊறின காகிதத்தை மேலே இழுக்கக் கூடாது. மூலையில் சிம்பை விட்டு, பாய் சுருட்டுகிற மாதிரி சுவரோடு ஒட்டினாற்போலப் பின்னுக்குச் சுருட்ட வேண்டும். அப்படியேதான் சுருட்டினேன். எலெக்ஷன் வந்தது, பல்பொடி வந்தது, கால்பந்து வந்தது. கூட்டம் ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தது. கடைசியில் ரோஸ் நிறத்தில் நாடக நோட்டீஸ் தலை காட்டியது. இடது பக்கம் கிரீடம், முறுக்கு மீசை, கையில் வாளோடு ராஜா படம். வலது பக்கம் கெட்டி காலண்டர் காகிதம் ஒன்று மூடியிருந்தது. அதன் இடுக்கில் புடவைத் தலைப்பு மாதிரி ஏதோ தெரிந்தது, ராணி போலும். படத்துக்குக் கீழே இருந்த பேர்களைப் புகை தின்றுவிட்டிருந்தது.

ரோஸ் காகிதத்தில் சாயம் இறங்கத் தொடங்கியது. இனி நேரம் இல்லை, வேண்டியதை மட்டும் காப்பாற்றுவோம் என்று பிளேடை எடுத்து ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தேன். மீசை கலையாமல் ராஜாவை உரித்துப் பலகையில் கிடத்தி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அஞ்சலையக்காவின் முன்னால் நீட்டினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இது யாரு தம்பி? இது டைம் ஆபீஸ் ராமய்யா ஆச்சே. இவரு பங்காருபேட்டைல உசுரோட கீறாரே."

"அப்ப உங்க வீட்டுக்காரரு?"

"அவரு ராணி" என்றாள்.

அந்தக் காலத்து நாடகத்தில் பெண் வேஷத்தை ஆண்களே கட்டுவார்கள் என்பது அங்கே நின்ற சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். படித்தவன் எனக்குத்தான் தோன்றவில்லை. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நான் பலகையோடு திரும்பினால், வீட்டுக்கார அம்மா ஒப்பந்தப்படி அந்த இடத்தில் தாராளமாகப் பசை தடவி அழகாகத் தினசரிப் பேப்பரை ஒட்டிக்கொண்டிருந்தாள். ராணியின் மேல்.

அப்போதுதான் துரைராஜ் வந்தார். ராஜாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேண்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு அந்தத் தரையில் மண்டி போட்டார். பசை ஈரமாக இருந்ததால் தினசரிப் பேப்பர் அலுங்காமல் வந்துவிட்டது. காலண்டர் காகிதத்துக்குத்தான் பாடு. கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஆவி காட்டி, துளித்துளியாக, அவர் ஒரு சாண் எடுப்பதற்குள் கூட்டம் பாதி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தது. நான் கெட்டில் பிடித்தேன். அதற்குத்தான் நான் லாயக்கு என்று யாரும் சொல்லவில்லை, எனக்கே தெரிந்தது. கடைசியில் ராணி வெளியே வந்தாள். நெற்றிச்சுட்டி, புல்லாக்கு, தோளில் விழுந்த ஜடை. என் பிளேடு போன கோட்டிலிருந்து அவள் காது மயிரிழையில் தப்பியிருந்தது.

அஞ்சலையக்கா பலகைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "தோ வந்துட்டாரு" என்று மெதுவாகச் சொன்னாள். அப்புறம்தான் அழுதாள்.

நான் அதோடு விட்டேனா? என் தவறைச் சரிக்கட்ட வேண்டும் என்று ஒரு யோசனை சொன்னேன். ஆண்டர்சன்பேட்டை ஸ்டுடியோவில் ஒருவர் படத்துக்கு டச்சப் பண்ணுவார். நகையை அழித்துவிட்டு, ஜடையை எடுத்து, சட்டை போட்டு ஒரு மீசை வைத்துவிட்டால் ஆம்பிளைப் படம் ஆகிவிடும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வெளியூர், புடவை கட்டின மாமனார் படத்துக்கு மாலை போட்டால் சிரிக்க மாட்டார்களா என்று நியாயம் பேசினேன். அஞ்சலையக்காவின் முகத்திலும் அந்தப் பயம் வந்தது. ஒரே மகள், நல்ல சம்பந்தம், மணப்பந்தலில் யாராவது சிரித்துவிட்டால் ஆயுசுக்கும் அது மகளைத் துரத்தும். துரைராஜைப் பார்த்தாள். அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் எங்கள் வேலை, வைத்துக்கொள்வது உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். அவள் பலகையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"வாணாம் தம்பி. மீசை வச்சா அது யாரோ ஒரு ஆளு. எம் பொண்ணு எதுக்கு யாருக்கோ கும்புடு போடணும்? சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்" என்றாள்.

படத்தை நிழலில் உலர்த்தி, மெல்லிய துணியில் ஒட்டி, கண்ணாடி போட்டுக் கொடுத்தோம். ராஜா எங்கள் கட்டுக்குப் போனார். முதுகில் வருஷத்தைக் குறித்தது நான்தான்.

கல்யாணம் பௌத்த சங்கக் கட்டடத்தில் நடந்தது. எனக்கும் பத்திரிகை வைத்திருந்தாள். யார் சிரிக்கப் போகிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டு ஆட்களையே நோட்டம் விட்டுக்கொண்டு தூண் ஓரத்தில் நின்றேன். புத்தர் படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதில் கோபாலின் படம், சம்பங்கி மாலை. மாப்பிள்ளையின் அம்மா விறுவிறுவென்று உள்ளே வந்தாள். படத்தைப் பார்த்ததும் நின்றாள். முகம் சிவந்துவிட்டது. போச்சு என்று நினைத்தேன்.

"இன்னா சம்பந்தி இது? உசுரோட கீற பொண்ணு படத்துக்கு யாராச்சும் மாலை போட்டு வெப்பாங்களா? அபசகுனம் ஆச்சே" என்று கேட்டாள்.

அஞ்சலையக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, "அது பொண்ணு இல்லீங்க. பொண்ணோட நைனா" என்றாள். நாடகத்தைப் பற்றிச் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குள் விசாகாவை அழைத்து வந்துவிட்டார்கள். காய்கறிக் கூடைக்குப் பக்கத்தில் வளர்ந்து, எப்போதும் எண்ணெய் வழியும் தலையோடு பார்த்திருந்த பெண். அன்றைக்கு இரவல் நெற்றிச்சுட்டி, புல்லாக்கு, தோளில் முன்னால் போட்ட பூ ஜடை. படத்துக்கு முன்னால் வந்து கை கூப்பினாள். கூப்பின கை அப்படியே நின்றது. மூக்கு, தாடை, கண்ணுக்குக் கீழே அந்தக் குழி, எல்லாம் ஒன்று. கண்ணாடிக்குள் ஒருத்தி, வெளியே ஒருத்தி. ஒரு கையை எடுத்துத் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ம்மா, இத்தினி நாளா என் மூஞ்சிலயாம்மா இருந்தாரு?" என்றாள்.

முகம் மறந்து போகிறது என்று எங்கள் வாசலில் வந்து நின்ற அஞ்சலையக்கா, மகளின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கல்யாணம் நடத்தி வைக்கிற ஐயா பஞ்சசீலம் சொல்ல ஆரம்பிக்க வேண்டும், நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். மாப்பிள்ளையின் அம்மாதான், இருக்கட்டும், அவங்க பாத்து முடிக்கட்டும் என்றாள்.